மேடையும் விண்ணப்பமும்



பன்னிரண்டாம் வகுப்பு என்பது ஓராண்டுக் காலந்தான். ஆயினும் அவ்வோராண்டுக்குள் ஒரு மாணவனிடம் பலர் வந்து நின்று, தத்தமக்குரிய நேரத்தைக் கேட்கின்றனர். பாடப்புத்தகம் கேட்கிறது. அடுத்த ஆண்டு சேரவேண்டிய கல்லூரிக்குரிய விண்ணப்பம் கேட்கிறது. அவன் பாட்டிலோ நாடகத்திலோ தேர்ச்சி பெற்றவனாயிருப்பின், பள்ளி மேடையும் கேட்கிறது. விளாத்திகுளத்தைச் சுற்றியுள்ள எங்கள் கரிசற் பூமியில் இவற்றோடு இன்னொருவரும் வந்து நிற்பார். அவர் மிளகாய்த் தோட்டம். தை பிறந்துவிட்டால் பழம் பறிக்க ஆள் வேண்டும். பள்ளியின் செய்முறைத் தேர்வும், மார்ச்சு மாதத்துப் பொதுத் தேர்வும், பழப் பறிப்பும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன.

இந்த நெருக்கடியில், சேர்ந்திசைக் குழுவில் முன்னின்று பாடும் மாணவனும் நாடகத்தில் முதன்மை வேடம் தாங்கும் மாணவியும் என் செய்ய வேண்டும்? கலையைக் கைவிட வேண்டுமா? அல்லது, படிப்பு ஒருபுறம் கிடக்கட்டும் என்று இருந்துவிட வேண்டுமா? இவ்விரண்டும் வேண்டா என்பதே என் கருத்து. வேண்டா என்று சொல்வது எளிது; எப்படி என்று விளக்குவதே கடமையாகும். அதற்கு முன்னர்ப் பழைய வரலாறு ஒன்றைச் சிறிது நோக்குவோம்.

எங்கள் வட்டாரம் மழைக்கு வறண்டதேயன்றிக் கலைக்கு வறண்டதன்று. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டில் எட்டயபுரத்திலேதான் உடல் நீத்தார். அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், 1904-ஆம் ஆண்டில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலை அவ்வூரிலிருந்தே வெளியிட்டார். காருகுறிச்சி அருணாசலம் தம் நாகசுரத்தோடு கோவில்பட்டியில் வாழ்ந்தார். விளாத்திகுளம் சுவாமிகள் என்று அழைக்கப்பெற்ற நல்லப்ப சுவாமிகள் இராக ஆலாபனையிற் பெயர் பெற்றவர். ஜமீன் கோடாங்கிபட்டியின் தேவராட்டத்தை அறியாதார் இப்பக்கத்தில் இல்லை. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டில் பிறந்த காட்டுநாயக்கன்பட்டியும், இன்று விளாத்திகுளம் அடங்கியுள்ள தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்ததேயாகும்.

சங்கரதாஸ் சுவாமிகள் நாடகங்களை இயற்றியதோடு நிற்கவில்லை. சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தும் முறையையும் வளர்த்தார். 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு அவரே ஆசிரியர். பிற்காலத்தில் புகழ்பெற்ற நடிகராய் விளங்கிய தி. க. சண்முகம் ஆறு வயதுச் சிறுவராய் அச்சபையிற் சேர்ந்தார். இத்தகைய பாலர் சபைகளைத்தான் பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் வழங்கினர். அங்கே சிறுவர்களுக்கு உணவு உண்டு, உடை உண்டு, தங்க இடம் உண்டு. பாட்டும் வசனமும் நன்கு பயிற்றப்பட்டன. தமிழை வழுவின்றி உச்சரிக்கக் கற்றனர். இல்லாதது ஒன்றே, அதுதான் முறையான பள்ளிக்கூடம். எம். ஜி. இராமச்சந்திரன் போன்றோரும் வறுமையின் காரணமாகப் பள்ளியை விட்டு அத்தகைய கம்பெனிக்குச் சென்றவரே.

அச்சிறுவர்களின் வாழ்வில் ஒரு கண்டம் இருந்தது. நாடகக்காரர் அதனை மகரக்கட்டு என்பர். பதின்மூன்று, பதினான்கு வயதளவில் ஆண் பிள்ளைகளின் குரல்வளை விரைந்து வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. அவ்வாறு இறங்கும் காலத்தில் சுருதி நில்லாது. மேலே போகக் கருதினால் உடையும். நேற்றுவரை வள்ளியாகவும் அல்லியாகவும் வேடந் தாங்கிப் பாடிய சிறுவன், இன்று பாட இயலாது நிற்பான். நல்லூழ் உடைய சிலர் வேறு வேடங்களுக்கு மாறிப் பெரு நடிகராயினர். ஏனையோர் கம்பெனியின் எடுபிடி வேலைக்கோ, ஊருக்கோ திரும்பினர். அவர்களிடம் கலை இருந்தது. ஆனால் அக்கலை ஓராண்டு கண் மூடினால் அவர்களைத் தாங்கிக்கொள்ள வேறு பிடிமானம் இல்லை. பெரு நடிகர்களின் வரலாறு நூலாக எழுதப்பட்டிருக்கிறது. மகரக்கட்டோடு ஊர் திரும்பிய சிறுவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

இதற்கு மறுபுறத்தில் வேறொருவரைக் காண்கிறோம். அவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873-ஆம் ஆண்டில் பிறந்த அவர், சென்னையிற் கல்லூரி மாணவராயிருந்தபோதே, 1891-ஆம் ஆண்டு சூலை மாதம் முதல் நாளன்று நண்பர் சிலரோடு சுகுண விலாச சபையை நிறுவினார். நாடகம் எழுதினார், நடித்தார், ஒத்திகை நடத்தினார். அதனால் படிப்பை விட்டாரா எனில் இல்லை. பட்டம் பெற்றார்; சட்டம் பயின்று வழக்கறிஞரானார்; 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார். நாடகங்களோ 90-க்கு மேற்பட்டவற்றை இயற்றினார். 1959-ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது. அவருடைய சபையில் வழக்கறிஞரும் அலுவலரும் கூடி நடித்தனர். காங்கிரஸ் தலைவராகப் பின்னாளில் விளங்கிய சத்தியமூர்த்தியும் அம்மேடையில் வேடம் பூண்டவரே.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்குங்கள். பாலர் சபைச் சிறுவன் உழைப்பிற் குறைந்தவன் அல்லன். இரவெல்லாம் நாடகம் ஆடி, பகலெல்லாம் பாடம் பண்ணியவன் அவன். சம்பந்த முதலியாரிடம் இருந்து அவனிடம் இல்லாதது யாது? பொருள் வசதி. கல்லூரிச் சம்பளம் கட்டவும், நாடகத்தால் வருமானம் வராவிடினும் வாழவும் முதலியாருக்கு வசதி இருந்தது. ஆதலால் அவர் மேடையையும் கல்லூரியையும் ஒருங்கே வைத்துக்கொள்ள முடிந்தது. சிறுவனுக்கோ இரண்டில் ஒன்றே கிடைத்தது; அதுவும் சோறு போட்ட ஒன்று.

இன்றைய நிலை வேறு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020-ஆம் ஆண்டு முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-ஆம் ஆண்டு முதலும் நூற்றுக்கு 7.5 இடம் தமிழ்நாட்டில் ஒதுக்கப்பட்டது. குடும்பத்தில் முதற் பட்டதாரியாகப் போகும் மாணவர்க்குத் தொழிற்படிப்பின் கற்பிப்புக் கட்டணச் சலுகை 2010-11-ஆம் கல்வியாண்டில் வந்தது. அரசுப் பள்ளி மாணவியர் உயர்கல்வி பயில மாதந்தோறும் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டிலும், மாணவர்க்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. முதலியாருக்குத் தந்தையின் செல்வம் செய்து கொடுத்ததை, கரிசற்காட்டுப் பிள்ளைக்கு இத்தகைய ஏற்பாடுகள் ஓரளவு செய்து கொடுக்கின்றன. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு தாளின் வழியாகவே வருகின்றன. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதற் பட்டதாரிச் சான்று, மாற்றுச் சான்று, மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு, ஆதார் எண் ஆகியன ஒன்றோடொன்று பொருந்தி நின்றால்தான் கதவு திறக்கும். ஆகவே விண்ணப்பம் என்பதை ஏதோ எழுத்தர் வேலை என்று மாணவர் எண்ணிவிடலாகாது.

இனி, மேடையும் விண்ணப்பமும் எங்கெங்கே மோதுகின்றன என்பதைப் பார்ப்போம். மோதுவன மூன்று: நாள், நினைவு, குரல்.

முதலில் நாளை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பங்களில் இரு வகை உண்டு. ஒரு வகை, தேர்வு முடிவு வருவதையொட்டி மே, சூன் மாதங்களிற் செய்வது. அரசு கலை அறிவியற் கல்லூரிகளும், தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கையும் இவ்வகையின. மற்றொரு வகை, பொதுத் தேர்வு எழுதுவதற்கு முன்னரே செய்யவேண்டியது. மருத்துவத்துக்குரிய நீட் தேர்வு, மத்தியப் பல்கலைக் கழகங்களுக்கு 2022-ஆம் ஆண்டில் வந்த பொது நுழைவுத் தேர்வு, தேசியப் பொறியியற் கல்லூரிகளுக்குரிய ஜே. இ. இ. தேர்வு ஆகியவற்றின் விண்ணப்பங்கள் இவ்வகையின. இவற்றின் கடைசி நாள் ஆண்டுக்காண்டு மாறும்; ஆனால் பெரும்பாலும் ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையே விழும். பள்ளிகளில் கலைப் போட்டிகள் நடக்கும் பருவத்தை அக்காலம் தொட்டு நிற்கிறது. தமிழ்நாட்டரசு 2022-ஆம் ஆண்டில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணவர்க்கெனக் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் போட்டி அது. வட்டாரத்தில் வென்றவன் மாவட்டத்துக்குச் செல்ல வேண்டும். மாவட்டத்தில் வென்றவன் மாநிலத்துக்குச் செல்ல வேண்டும். வெற்றி பெறப் பெற ஒத்திகை கூடும், பயணம் கூடும். திறமை மிகுந்த பிள்ளைக்கே நாள் குறைகிறது என்பதை ஆசிரியரும் பெற்றோரும் உணர்தல் வேண்டும்.

இதற்குப் பரிகாரம் யாதெனில், விண்ணப்ப வேலையை விண்ணப்பக் காலத்திற்கு விட்டுவையாமல், ஆடி ஆவணியிலேயே முடித்துவைப்பதுதான். எங்கள் பக்கத்து மானாவாரிச் சம்சாரி மழை பெய்த பிறகு விதை தேடிப் புறப்படுவதில்லை. புரட்டாசியில் மழை இறங்குவதற்கு முன்பே உழுது, எருவடித்து, விதையைக் கட்டி வைத்திருப்பான். கல்லூரிக் கதவு என்று திறக்கும் என்பது நம் கையில் இல்லை. திறக்கும் நாளில் சான்றிதழ்கள் கையில் இருப்பது நம் செயல்.

இதை விளக்க, நான் பணியாற்றிய காலத்தில் கண்ட ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லுகிறேன். கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பேருந்தில் வந்து படித்தவள். தகப்பனார் வேலிக்கருவேல் வெட்டிக் கரி மூட்டம் போடுபவர். தாயார் மிளகாய்க் காட்டுக் கூலி. பள்ளிச் சேர்ந்திசைக் குழுவுக்கு அவள்தான் சுருதி பிடித்துக் கொடுப்பாள். ஆண்டு விழா நாடகத்தில் தாய் வேடம் எப்போதும் அவளுக்கே. பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கியதும் தாளும் பென்சிலும் கொடுத்து, கையிலுள்ள சான்றுகளிற் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிவரச் சொன்னேன். மறுநாள் வந்தவள், "சார், சாதிச் சான்றில் அப்பா பேருக்கு முன்னே தாத்தா எழுத்து இருக்கு, மார்க்குச் சீட்டில் இல்லை" என்றாள். ஓரெழுத்து வேறுபாடுதான். அதனைத் திருத்த அவள் தகப்பனார் மூன்று நாள் கூலியை இழந்து அலைய வேண்டியதாயிற்று. கார்த்திகைக்குள் காரியம் முடிந்தது. அவ்வேறுபாடு விண்ணப்ப வாரத்திற் கண்டுபிடிக்கப்பட்டிருக்குமாயின், மூன்று நாளுக்கு எங்கே போவது? முதற் பட்டதாரிச் சலுகை கைநழுவியிருக்கும். சலுகையில்லாத படிப்பு அக்குடும்பத்துக்கு எட்டாக் கனியாகும்.

அவ்வாண்டு அவள் மாவட்டப் போட்டியிலும் பாடினாள். மாசி மாதத்தில் ஒரு விழாக் குழுவினர் வந்து, மூன்று இரவு தங்கள் மேடையிற் பாட வேண்டுமென்று கேட்டனர். சன்மானமும் தருவதாகச் சொன்னார்கள். அச்சன்மானம் அந்த வீட்டிற்குச் சிறு தொகையன்று. முடிவை அவளிடமும் அவள் தாயாரிடமுமே விட்டேன். தேர்வுக்கு இரு வாரமே இருந்தமையால், ஓரிரவு மட்டும் வருவதாக ஒப்புக்கொண்டாள்; அதையும் ஒன்பது மணிக்கு முன்னர் முடித்துத் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். விரும்பிய கல்லூரி அவளுக்குக் கிட்டவில்லை. மதிப்பெண் சற்றுக் குறைந்தது. பேருந்தில் சென்று திரும்பக்கூடிய கல்லூரியொன்றில் அறிவியற் பட்டப் படிப்பிற் சேர்ந்தாள். அங்கேயும் சேர்ந்திசைக் குழுவில் இடம்பெற்றாள். இது பெரு வெற்றி என்று நான் சொல்லவில்லை. ஆனால் படிப்பும் போகவில்லை, பாட்டும் போகவில்லை.

இரண்டாவது மோதல் நினைவைப் பற்றியது. ஒத்திகைக்குப் போன நாளில் படிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் படித்துக்கொள்வேன் என்பான் மாணவன். கூட்டிப் பார்த்தால் மணிக்கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் நினைவு அவ்வாறு கணக்குப் பார்ப்பதில்லை. 1885-ஆம் ஆண்டில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளை வரிசையாக மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்து வெளியிட்டார். கற்றவுடன் முதல் நாளிலேயே பெரும்பகுதி மறந்துவிடுகிறது என்பதும், பின்னர் மறதியின் வேகம் குறைகிறது என்பதும், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கற்றால் நெடிது நிற்கிறது என்பதும் அவர் கண்டவை. ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் படித்த இவ்வுண்மையைப் பாடகர் யாவரும் படிக்காமலே அறிவர். ஒரு கீர்த்தனத்தை ஒரே நாளில் ஆறு மணி நேரம் பாடிக் கற்பவர் எவருமில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகப் பாடியே பாடம் ஏற்றுகின்றனர். பாட்டைக் கற்கும் அம்முறையையே பௌதிகத்துக்கும் கணக்குக்கும் கையாளுங்கள். ஒத்திகை நாளிலும் முக்கால் மணி நேரம் முந்திய நாட்பாடத்தைப் புத்தகம் பாராமல் எழுதிப் பாருங்கள். அது ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் படிப்பதைவிட நெடிது நிற்கும்.

இதனோடு தூக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதின் பருவத்தினர் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர் பரிந்துரை. பகலிற் கற்றதை மூளை நிலைப்படுத்திக்கொள்வது பெரும்பாலும் தூக்கத்திலேதான். ஒத்திகைக்குக் கொடுத்த நேரத்தைத் தூக்கத்திலிருந்து திருடுவோமானால், படித்ததும் நில்லாது. மறுநாள் சுருதியும் நில்லாது.

மூன்றாவது குரல். மகரக்கட்டைப் பற்றி முன்னர்க் கூறினேன். பெண் குரலும் அப்பருவத்தில் மாறுகிறது. ஆனால் சிறிதளவே இறங்குவதால் வெளிக்குத் தெரிவதில்லை. சேர்ந்திசைக்கு ஆள் சேர்க்கும் ஆசிரியர், ஒன்பதாம் வகுப்பிற் பாடிய கட்டையிலேயே பன்னிரண்டாம் வகுப்பிலும் பாடு என்று மாணவனை வற்புறுத்தலாகாது. தண்ணீர் நிறையக் குடித்தல், தொண்டை கட்டிய நாளில் பாடாதிருத்தல், மைதானத்திற் கத்தாதிருத்தல் ஆகிய மூன்றும் போதும். கட்டிய தொண்டையோடு நான்கு மேடையில் ஏறுவதைவிட, நல்ல குரலோடு ஒரு மேடையில் ஏறுவது குழுவுக்கும் பெருமை.

இவ்வளவும் சொன்ன பின், மாணவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: இத்தனை பரிசும் கேடயமும் கல்லூரிச் சேர்க்கைக்கு உதவுமா? இக்கேள்விக்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கையிற் கணக்கு மதிப்பெண் நூற்றுக்கும், பௌதிகமும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கும் குறைக்கப்பட்டு, மொத்தம் 200-க்குத் தரவரிசை அமைக்கப்படுகிறது. அதற்கென இருந்த நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நீங்கிற்று. விளையாட்டு வீரர்க்குத் தனி ஒதுக்கீடு உண்டு, பாடகர்க்கு இல்லை. அரசு கலை அறிவியற் கல்லூரிகளிலும் பாட மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படை. ஆகவே, மேடைப் பரிசு மதிப்பெண்ணின் குறையை நிரப்பும் என்று நம்பிப் படிப்பைத் தளர விடுவது பேதைமை.

ஆனால் வேறு கதவுகளும் உண்டு. டில்லிப் பல்கலைக் கழகக் கல்லூரிகளில், விளையாட்டுக்கும் இசை, நடனம், நாடகம் முதலிய கலைகளுக்குமாகச் சேர்த்து நூற்றுக்கு ஐந்து வரை கூடுதல் இடம் வைத்து, திறன் சோதனை செய்து எடுக்கும் முறை இருக்கிறது. அண்டை மாநிலமாகிய கேரளத்தில், 1957-ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளிக் கலோற்சவத்தில் உயர்தரம் பெற்றவர்க்குத் தேர்வில் கருணை மதிப்பெண் வழங்கும் வழக்கம் உண்டானது. கலையையே வாழ்க்கையாகக் கொள்ள விரும்புவோர்க்குச் சென்னை, மதுரை, திருவையாறு, கோயமுத்தூர் ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் சென்னைக் கல்லூரி 1949-ஆம் ஆண்டில் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கியது. இசைக்கும் கவின் கலைக்குமெனத் தனிப் பல்கலைக் கழகம் 2013-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நிறுவப்பட்டது. தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருப்பதும் நம் பக்கத்து மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது. விளாத்திகுளத்திலேயே 2021-ஆம் ஆண்டில் அறநிலையத் துறையின் சார்பிற் கலை அறிவியற் கல்லூரியொன்று தொடங்கப்பட்டமையால், வீட்டிலிருந்தபடியே படிப்பையும், ஊர்க் குழுவிற் கலையையும் தொடரும் வழியும் பிறந்திருக்கிறது.

அப்படியானால், மதிப்பெண் தராத பாட்டை எதற்காகப் போற்ற வேண்டும்? இங்கே உலகத்துப் பிற இடங்களின் வழக்கத்தைச் சிறிது காண்பது நலம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் கிங்ஸ் கல்லூரி என்று ஒன்று உண்டு. ஆறாம் ஹென்றி மன்னன் 1441-ஆம் ஆண்டில் அதனை நிறுவினான். அதன் ஆலயப் பாடகர் குழுவில் சிறுவர்களோடு, அங்கே பட்டப் படிப்புப் படிக்கும் மாணவரும் பாடுகின்றனர். கல்லூரி நடக்கும் காலத்திற் பெரும்பாலான நாட்களிலும் மாலை வழிபாட்டில் அவர்கள் நின்று பாட வேண்டும். ஆனால் ஒத்திகைக்குக் குறித்த நேரம் உண்டு. அது தொடங்கும் மணியும் முடியும் மணியும் எல்லார்க்கும் தெரியும். அதனால் படிப்பு கெடுவதில்லை. நம் நாட்டிலும் எம். பி. சீனிவாசன் 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பல தொழில் புரிவோரையும் மாணவரையும் ஒன்றாக நிறுத்திப் பாட வைத்தார். வேலையையோ படிப்பையோ விட்டுவிட்டு வா என்று அவர் எவரையும் அழைக்கவில்லை.

சேர்ந்திசை ஒன்று கற்றுக்கொடுக்கிறது. தனிப் பாட்டுகூட அதனைக் கற்றுக்கொடுப்பதில்லை. பக்கத்தில் நிற்பவன் குரலைக் கேட்டுக்கொண்டே தன் குரலைப் பாட வேண்டும். உரக்கப் பாடத் தெரிந்தவன் அடக்கிப் பாட வேண்டும். தன் பகுதி வரும் வரை காத்திருந்து, வந்தவுடன் தாமதமின்றி எடுக்க வேண்டும். ஒருவன் ஒத்திகைக்கு வராவிட்டால் நாற்பது பேர் நிற்பர் என்னும் பொறுப்பு மனத்திற் பதிகிறது. பேருந்து நிலையத்தைத் தாண்டி அறியாத கிராமத்துப் பிள்ளை, கல்லூரியில் முந்நூறு பேர் முன்னிலையில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் துணிவை மேடையிலிருந்தே பெறுகிறான். இவற்றை மதிப்பெண் பட்டியலில் எழுத இடமில்லை. எனினும் முதலாண்டிலேயே கல்லூரியை விட்டு நின்றுவிடாமல் ஒரு பிள்ளை தொடர்ந்து படிப்பதற்கு இவையும் துணை செய்வதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

ஆதலால் பெற்றோருக்கு ஒரு சொல். பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டது என்று பாட்டை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். நாள்தோறும் அரைமணி பாடுகின்ற பிள்ளைக்கு அதுவே இளைப்பாறுதல். அந்த அரைமணியைப் பறித்தால் அது புத்தகத்துக்குப் போகும் என்பது உறுதியன்று, கைப்பேசிக்கும் போகலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். விழாவென்றால், வரவேற்பென்றால், எவரோ பெரியவர் வருகிறார் என்றால், எப்போதும் அதே நான்கு மாணவரை வகுப்பிலிருந்து எழுப்பி அழைத்துச் செல்லும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அவர்கள் நன்றாகப் பாடுகிறார்கள் என்பதே அதற்குக் காரணம். ஆனால் அவர்கள் தவறவிடும் பாடத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பார் யார்? பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் தை மாதத்துக்குப் பின் எந்த மேடைக்கும் அழைக்கப்படலாகாது என்றும், அவர்களுக்கு ஈடாகப் பத்தாம், பதினோராம் வகுப்பினரை ஆவணியிலிருந்தே பழக்க வேண்டும் என்றும் ஒவ்வொரு பள்ளியும் விதி செய்துகொள்ளலாம். அடுத்த ஆண்டுக் குழுவும் அதனால் அணியமாகிவிடும்.

மாணவர்களே, உங்களுக்கு இறுதியாகச் சொல்ல வேண்டுவது இது. ஒரு பெரிய தாளில் ஆடி முதல் ஆனி வரை பன்னிரண்டு மாதத்தையும் கட்டம் கட்டி எழுதுங்கள். தேர்வு நாளைச் சிவப்பிலும், விண்ணப்பக் கடைசி நாளை நீலத்திலும், மேடை நாளைப் பச்சையிலும் குறியுங்கள். வீட்டில் காட்டு வேலைக்கு உங்களை எதிர்பார்க்கும் நாட்களைத் தாய் தந்தையரைக் கேட்டு அதே தாளில் எழுதுங்கள். அவற்றை மறைத்து வைத்து எந்தத் திட்டமும் நிறைவேறாது. நீலமும் பச்சையும் ஒரே வாரத்தில் விழுந்தால், நீல வேலையை இரு வாரம் முன்னதாக முடியுங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே வாரத்தில் விழுந்தால், பச்சையை விட்டுக்கொடுங்கள். விட்டுக்கொடுப்பதைக் குழுத் தலைவரிடம் கடைசி நாளிற் சொல்லாமல் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். விண்ணப்பத்தில் ஒரே கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். அவ்வெண் ஓராண்டுக்கு மாறாதிருக்கட்டும். செய்தி வரும் எண் தகப்பனார் கையில் காட்டுக்குப் போயிருக்க, இரகசிய எண் கேட்டுப் பிள்ளை கணினி முன் தவித்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நூறாண்டுக்கு முன்னர் இம்மண்ணின் சிறுவர் பாட்டுக்காகப் பள்ளியை விட்டனர். அது அவர்கள் விரும்பி விட்டதன்று. இன்று பள்ளிக்காகப் பாட்டை விடும்படி பிள்ளைகளிடம் நாம் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். அதற்கும் தேவையில்லை. சான்றிதழ்கள் கார்த்திகைக்குள் ஒழுங்காகட்டும். பாடம் நாள்தோறும் சிறிது நடக்கட்டும். குரல் ஓய்வோடு இருக்கட்டும். உங்கள் குழு மேடையேறும் நாளில் முன் வரிசையில் அமர்ந்து கேட்க எங்களைப் போன்றோர் பலர் இருக்கின்றனர்.